ஓரணா கொடுத்தவர்களின் இயக்கம்

விடுதலை இயக்கம் வளர்ந்த விதம் குறித்து வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். தூத்துக்குடியில் அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், இந்தப் பகுதியில் வழக்கமாக எழுதுகிறவர், இந்த இதழிலும் பதில் சொல்கிறார்.

காங்கிரஸைத் தொடங்கியவர் ஹியூம் என்ற ஆங்கிலேயர் என்று படித்தேன். அப்படியானால் நம் விடுதலை இயக்கத்தையே ஒரு வெள்ளைக்காரர்தான் தொடங்கி வைத்தாரா அம்மா?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

இல்லை மகளே. ஹியூம் ஓய்வுபெற்ற ஐ.சி.எஸ். (இந்தியக் குடிமைப் பணி) அதிகாரி. 1885 டிசம்பர் 28 அன்று பம்பாயில், கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பேர் கூடியதற்கு அவருடைய உழைப்பு பெரிய காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 72 பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பார். பூனாவில் சர்வஜனிக் சபை 1870 முதலே இயங்கியது. கல்கத்தாவில் சுரேந்திரநாத் பானர்ஜி 1876-இல் இந்தியச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். சென்னையில் மகாஜன சபை 1884-இல் பிறந்தது. இந்தச் சபைகள் இல்லாவிட்டால் ஹியூம் கடிதம் எழுதுவதற்குக்கூட முகவரி இருந்திருக்காது.

இன்னும் பின்னால் போகலாம். 1852-இல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற வியாபாரி 'சென்னை சுதேசிகள் சங்கம்' அமைத்தார். வரி கட்ட முடியாத விவசாயிகளைக் கம்பெனி ஆட்சியின் ஆட்கள் சித்திரவதை செய்ததை லண்டன் பாராளுமன்றம்வரை கொண்டுபோனவர் அவர். விசாரணைக் குழு போடப்பட்டது. 1855-இல் வந்த அதன் அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. 1857 பெருங்கலகத்துக்கு முன்பே, மனு எழுதி ஓர் அரசை உண்மை பேசவைத்த மனிதர் அவர். அவரைப் பற்றி என் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

அடுத்தது 1878. திருவல்லிக்கேணியில் இரண்டு ஆசிரியர்களும் நான்கு சட்ட மாணவர்களும் சேர்ந்து கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டணாவில் (பதினாறு அணா ஒரு ரூபாய்) 80 பிரதிகள் அச்சடித்து 'தி இந்து' வார இதழைக் கொண்டுவந்தார்கள். முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியானதை வெள்ளையர் பத்திரிகைகள் இழித்துப் பேசின. பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும் என்ற ரோஷம்தான் முதலீடு. அந்த இரண்டு ஆசிரியர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தமிழில் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ஆணையம் வேண்டும் என்பது அந்தத் தீர்மானம்.

ஹியூம் முன்னால் நின்றதற்கு ஒரு காரணத்தைக் கோகலே பின்னாளில் சொன்னார். ஓர் இந்தியர் அப்படியொரு அமைப்பை அன்று தொடங்கியிருந்தால் அதிகாரிகள் வளரவே விட்டிருக்க மாட்டார்கள் என்றார். எனக்கு அது சரியென்றே படுகிறது.

ஆரம்ப காலக் காங்கிரஸ் ஆங்கிலம் படித்த வக்கீல்கள் ஆண்டுக்கொருமுறை கூடிக் கலையும் கூட்டம்தானே? சாதாரண மக்களுக்கு அதில் என்ன இடம்?
— மளிகைக் கடை உரிமையாளர், தஞ்சாவூர்

பெரும்பாலும் நீங்கள் சொல்வது உண்மைதான் ஐயா. தீர்மானங்கள் ஆங்கிலத்தில், பேச்சு ஆங்கிலத்தில், விசுவாசம் மகாராணியிடம். ஆனால் 1887-இல் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் நடந்த மூன்றாவது காங்கிரஸை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். பத்ருதீன் தயாப்ஜி தலைமை. 607 பிரதிநிதிகள். மாநாட்டுச் செலவுக்குப் பணம் திரட்டியபோது சீமான்களிடம் மட்டும் கேட்கவில்லை. ஓரணா முதல் ஒன்றரை ரூபாய்வரை கொடுத்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அவர்கள் கொடுத்தது மட்டும் 5,500 ரூபாய்! அந்த ஓரணாவைக் கொடுத்தவரின் பெயர் எந்தத் தீர்மானத்திலும் இல்லை. என்னைக் கேட்டால், இந்த மாகாணத்தில் காங்கிரஸ் என்பது அந்த ஓரணாவில்தான் தொடங்குகிறது.

அதே ஆண்டு மு. வீரராகவாச்சாரியார் காங்கிரஸ் என்றால் என்ன, எதற்கு என்பதை எளிய தமிழில் வினா விடையாக ஒரு சிறு நூலாக்கினார். 30,000 பிரதிகள் போயின. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த காலத்தில் இந்த எண்ணிக்கைக்கு என்ன பொருள்? ஒருவர் படிக்க, திண்ணையில் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். அரசாங்கத்துக்குக் காங்கிரஸ்மீது எரிச்சல் வரத் தொடங்கியதும் இந்தச் சமயத்தில்தான். ஆங்கிலத்தில் மனுப் போட்டவரை பொறுத்துக்கொண்ட வைஸ்ராய் டஃப்ரின், மக்கள் மொழியில் அச்சாகிக் கைமாறிய பிரசுரங்களைப் பொறுக்கவில்லை.

உங்கள் ஊருக்கும் அந்த மாநாட்டில் இடம் உண்டு. தஞ்சாவூரிலிருந்து போன மூக்கணாசாரி என்ற தொழிலாளி அந்த மேடையில் தமிழில் பேசினார்.

மிதவாதிகள், தீவிரவாதிகள் இருவரில் யாருடைய வழி சரி?
— போட்டித் தேர்வு எழுதுபவர், அரியலூர்

மனுப் போட்டு உரிமை கேட்டவர்கள் மிதவாதிகள், அந்நியப் பொருளைப் புறக்கணித்து நேரடியாக எதிர்க்கச் சொன்னவர்கள் தீவிரவாதிகள் என்று அன்று அழைத்தார்கள். தேர்வுக்குப் பதில் வேண்டுமென்றால், காங்கிரஸில் இந்த இரு அணிகளும் பிரிந்த 1907 சூரத் பிளவு என்று எழுதுங்கள். எனக்குத் தோன்றுவதைக் கேட்டால், தாதாபாய் நவ்ரோஜி பல ஆண்டுகள் கணக்குப் போட்டு, இந்தியாவின் செல்வம் எப்படி இங்கிலாந்துக்கு வடிந்து போகிறது என்று காட்டியிராவிட்டால் 'அந்நியத் துணியைத் தொடாதே' என்ற குரலுக்கு வேர் இருந்திருக்காது. கணக்குப் போட்டவர் மிதவாதி, துணியைக் கொளுத்தியவர் தீவிரவாதி. 1906 கல்கத்தா மாநாட்டில் 'சுயராஜ்யம்' என்பதே நோக்கம் என்று தலைமை உரையில் சொன்னவரும் அதே நவ்ரோஜிதான்.

வ.உ.சி. கப்பல் ஓட்டினார், செக்கு இழுத்தார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கப்பல் கம்பெனிக்கு ஏன் பிரிட்டிஷ் அரசு அவ்வளவு பயந்தது?
— துறைமுக ஊழியர், தூத்துக்குடி

என் ஊர்க்காரரே, இந்தக் கேள்விக்கு நான் சுருக்கமாகப் பதில் சொல்ல மாட்டேன்.

1905 அக்டோபர் 16 அன்று வைஸ்ராய் கர்சன் வங்காளத்தை இரண்டாக வெட்டினார். சரியாக ஓராண்டு கழித்து, 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகள் வாங்கினார், அதாவது இரண்டு லட்சம் ரூபாய். மற்ற பங்குகளை விற்க வ.உ.சி. ஊர் ஊராகப் போனார்.

முதலில் கப்பல்களை வாடகைக்குத்தான் எடுத்தார்கள். தூத்துக்குடி-கொழும்பு வழியைக் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, வாடகைக்குக் கொடுத்தவரை மிரட்டிப் பின்வாங்க வைத்தது. அப்போதுதான் வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். வந்தால் கப்பலுடன் வருவேன், இல்லையேல் கடலில் விழுந்து உயிர் விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுக்க முன்வந்தார்கள். மக்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். ஓர் ஏகாதிபத்தியம் பயப்பட வேண்டிய இடம் இதுதான் ஐயா. துப்பாக்கிக்கு எதிராகத் துப்பாக்கி வந்தால் என்ன செய்வதென்று அதற்குத் தெரியும். இலவசத்தை வேண்டாமென்று சொல்லி எட்டணா கொடுக்கும் கூலிக்காரரை என்ன செய்ய முடியும்?

அதோடு அவர் நின்றிருந்தாலும் விட்டிருக்கலாம். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் நூற்பு மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். ஊர் முழுக்கச் சோறு கொடுத்தது. நிர்வாகத்துக்கு ஆதரவாகப் பேசியவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்கள், துணி வெளுக்கச் சலவைத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது.

மார்ச் 9 அன்று, வங்கத் தலைவர் பிபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைத் தடையை மீறிக் கொண்டாடினார்கள். 12-ஆம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைது. 13-ஆம் தேதி திருநெல்வேலி எரிந்தது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் எல்லாவற்றிலும் தீ. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடி மில் தொழிலாளர் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள், இந்த முறை தங்கள் கூலிக்காக அல்ல, தலைவரின் கைதைக் கண்டித்து. பம்பாய் மில் தொழிலாளர் திலகருக்காக வேலைநிறுத்தம் செய்தது அதே ஆண்டு ஜூலையில். நம் ஊர் அதற்கு நான்கு மாதம் முந்தியது. இதைப் பாடப் புத்தகங்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நீதிபதி பின்ஹே ஜூலை 7 அன்று கொடுத்த தீர்ப்பு: இரண்டு குற்றங்களுக்கு இருபது இருபது ஆண்டுகளாக, மொத்தம் 40 ஆண்டு நாடுகடத்தல். மேல்முறையீட்டில் குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-இலேயே அதைக் கலைத்துவிட்டார்கள். வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமமான சன்னதும் பறிபோயிருந்தது. பின்னாளில் அதைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளை ஆட்சியை எதிர்த்தாரே தவிர எந்த வெள்ளையர்மீதும் அவர் மனத்தில் விஷம் இல்லை.

கம்பெனி ஏன் விழுந்தது என்று யோசித்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தலைவரைத் தூக்கிச் சிறையில் போட்டதும் அவர் விட்ட இடத்தில் தொடர ஓர் அமைப்பு இல்லை. மக்கள் கூடினார்கள், எரித்தார்கள், குண்டடி பட்டார்கள். அதன் பிறகு அடக்குமுறையும், ஊரில் நிறுத்திய கூடுதல் போலீஸின் செலவுக்கு மக்களிடமே வாங்கிய தண்டனைப் போலீஸ் வரியும்தான் மிஞ்சின.

அந்தக் குறை பிற்பாடு எப்படித் தீர்ந்தது? காந்தி வந்ததால் மட்டும்தானா?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சேலம்

(இது என் முந்தைய பதிலுக்குத் தொலைபேசியில் வந்த துணைக்கேள்வி. நல்ல கேள்வி என்பதால் இங்கேயே பதில்.) காந்தியின் வருகை பெரிய காரணம். ஆனால் உங்கள் சேலத்துக்காரர் ஒருவருக்கும் இதில் பங்கு உண்டு. 1920 டிசம்பர் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார். அங்கே காங்கிரஸின் சட்டதிட்டமே மாறியது. ஆண்டுக்கு நாலணா கொடுத்தால் யாரும் உறுப்பினர். மாகாணக் குழுக்கள் மொழிவாரியாகப் பிரிந்தன. அதனால் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் குழு தமிழில் பேசி, தமிழில் கணக்கு எழுதியது. மேலே செயற்குழு, கீழே தாலுகாவரை கிளைகள். பொதுக்கூட்டங்களின் ஆரவாரத்தைவிட இந்த மாற்றம் முக்கியமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1887-இல் ஒரு மாநாட்டுக்கு ஓரணா கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு 1921-இல் நாலணா ரசீதும் வாக்கும் கிடைத்தன.

என் தாத்தாவின் தகரப் பெட்டியில் அப்படியொரு ரசீது இருந்தது. அவர் கருவாட்டு வியாபாரி. மேடையேறியவர் இல்லை, சிறை சென்றவரும் இல்லை. ஆனால் அந்தத் தாளை நிலப் பத்திரத்துடன் சேர்த்து வைத்திருந்தார்.

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சாப்பாடு மரத்தில் தொங்கியது என்று என் அப்பா சொல்வார். கதையா, நிஜமா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

நிஜம்தான் அம்மா. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் புறப்பட்டார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த தேதியைத் தெரிந்தே எடுத்தார்கள். நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை எழுதிக் கொடுத்த நடைப்பாட்டைப் பாடிக்கொண்டு காவிரிக் கரையோரமாக நடந்தார்கள். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை, அபராதம் என்று தமிழில் நோட்டீஸ் அடித்து ஊர் ஊராக ஒட்டினார், தண்டோராவும் போட்டார். தஞ்சை மண்ணில் போய், விருந்தாளிக்குச் சோறு போடாதே என்று உத்தரவு! மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? உங்கள் கும்பகோணத்தில் பந்துலு ஐயர் மறைக்கவே இல்லை, வெளிப்படையாகத் தம் வீட்டில் தங்கவைத்தார். அதற்காகச் சிறையும் போனார்.

ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதானார். 1908-ஐ இங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த முறை தலைவரைப் பிடித்ததும் போராட்டம் நிற்கவில்லை. கே. சந்தானம் பொறுப்பேற்றார். தொண்டர்கள் அணி அணியாக உப்பு எடுத்தார்கள். உள்ளூரில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த வேதரத்தினம் பிள்ளை சிறை சென்றார், அவருடைய சொத்து பறிமுதலானது. ருக்மிணி லட்சுமிபதி அங்கே உப்புச் சட்டத்தை மீறிக் கைதானார். அரசின்மீது மக்களுக்கு ஒருகாலத்தில் பக்தி இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்ற பொருளில் மேலிடத்துக்கு எழுதினார் அதே கலெக்டர் தார்ன்.

வைரப்பனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. வேதாரண்யத்து நாவிதர். பாதிச் சவரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டார். வழக்கு நீதிமன்றம் போனது. மீதியைச் செய்து முடி என்று சொன்ன நீதிபதியிடமும் முடியாது என்றார். ஆறு மாதச் சிறை. அவருக்கு அந்த ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது. 1908-இல் தூத்துக்குடி நாவிதர்கள் செய்ததையே 1930-இல் வைரப்பனும் செய்தார். தம் தொழிலையே ஆயுதமாக்க அவர்களுக்கு யாரும் டெல்லியிலிருந்து கடிதம் எழுதவில்லை.

பெண்கள் என்றால் ஜான்சி ராணியோடு நிறுத்திவிடுகிறார்கள். நம் பக்கத்துப் பெண்கள்?
— செவிலியர், விழுப்புரம்

உங்களுக்குப் பக்கத்து ஊரான கடலூரிலேயே ஒருவர். அஞ்சலை அம்மாள் நெசவுக் குடும்பத்துப் பெண். 1857-இல் கொடுமை செய்த தளபதி நீலின் சிலையைச் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றக் கோரி 1927-இல் நடந்த சத்தியாகிரகத்தில் சிறுமியான தம் மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு சிறை சென்றார். காந்தி அந்தப் பெண்ணை வார்தாவுக்கு அழைத்துப்போய் லீலாவதி என்று பெயரிட்டு வளர்த்தார். பின்னொரு முறை அஞ்சலை அம்மாள் கர்ப்பிணியாகச் சிறையில் இருந்தார். பிரசவத்துக்கு வெளியே விட்டு, குழந்தை பிறந்த பிறகு மீண்டும் உள்ளே அழைத்துக்கொண்டது அரசு. அந்த மகனை ஜெயில் வீரன் என்றே அழைத்தார்கள்.

ஈரோட்டில் 1921 கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்றார்கள். மறியலை நிறுத்தலாமா என்று கேட்டவர்களிடம், அது என் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னார்.

எல்லோருடைய இயக்கம் என்கிறீர்கள். ஒதுக்கப்பட்ட சாதிகளுக்கும் அப்படித்தான் இருந்ததா?
— ஆய்வு மாணவர், திருநெல்வேலி

இல்லை தம்பி. உங்கள் மாவட்டத்துச் சேரன்மாதேவியே சாட்சி. வ.வே.சு. ஐயர் தேசியக் கல்விக்காக அங்கே குருகுலம் நடத்தினார். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்திருந்தது. எல்லோருடைய பணத்திலும் நடந்த அந்த இடத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி. 1924, 1925-இல் இது பெரிய போராட்டமானது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். சமரசம் பேசியவர்கள் அந்தப் பிள்ளைகளின் படிப்பு முடியும்வரை பொறுக்கலாம் என்றார்கள். கேரளத்து வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்று வந்த பெரியார் எதற்குப் பொறுக்க வேண்டும்? 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் எல்லா வகுப்பினருக்கும் உரிய பங்கு கேட்ட அவருடைய வகுப்புரிமைத் தீர்மானத்துக்கும் அனுமதி கிடைக்கவில்லை. வெளியேறினார்.

அந்தப் பந்தி அன்றைக்கே ஒன்றாகியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நாலணாவை எல்லோரிடமும் வாங்கிய கட்சி, இலையையும் எல்லோருக்கும் ஒரே வரிசையில் போட்டிருக்க வேண்டும். விடுதலை இயக்கத்தை நேசிக்கிற நான் இதைச் சொல்லாமல் விட்டால் என் மாணவர்களுக்கு நேர்மையாக இருந்தவள் ஆக மாட்டேன். உங்கள் ஆய்வில் இரண்டு பக்கத்துக் கடிதங்களையும் அறிக்கைகளையும் படியுங்கள், ஐயரின் தியாகத்தையும் குறைக்காதீர்கள்.

எங்கள் வீட்டுப் பரணில் 1930-களின் கடிதங்களும் கதர் சங்க ரசீதுகளும் கிடைத்தன. என்ன செய்வது?
— விவசாயி, திருப்பூர் அருகே

முதலில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள், ஈரம் தங்கித் தாள் ஒட்டிக்கொள்ளும். லேமினேஷனும் செய்யாதீர்கள். ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் படம் எடுத்து, யாருடையது, பெட்டியில் எந்த வரிசையில் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் வீட்டு மூத்தவர்கள் யாராவது அந்தப் பெயர்களை அடையாளம் சொல்ல முடியுமென்றால் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பாதுகாக்கும் முறையை அங்கே கேட்கலாம். திருப்பூரில் குமரன் அடிபட்ட 1932 ஜனவரி 10-ஐ ஒட்டிய தாள் ஏதாவது இருந்தால் எனக்கு நகல் அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.